உலக வகுப்பறைகளை இணைக்க எது சரியான வழி: நேரலையா, பதிவுப் பரிமாற்றமா, விஆர் கண்ணாடியா?

வேறொரு நாட்டு வகுப்பறையோடு நம் பிள்ளைகளைப் பேச வைக்க விரும்பும் பள்ளிக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. வீடியோ காலில் நேரடியாகப் பேசலாம். எழுதியோ பதிவு செய்தோ அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கலாம். வேறொரு இடத்துக்குள்ளேயே நிற்பது போலக் காட்டும் விஆர் (மெய்நிகர்) கண்ணாடி மாட்டிவிடலாம். வரப்போகும் ஆண்டுகளிலும் பள்ளிகள் இரண்டாவது வழியைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

நேரலையில் கிடைக்கும் பூரிப்பு வேறெதிலும் இல்லை, அதை மறுக்க முடியாது. தொழில்நுட்பமும் அதற்குச் சாதகமாகவே நகர்கிறது. 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள் வழியாகக் கேள்வி போய்ப் பதில் வர அரை நொடியாவது ஆகும். ஸ்டார்லிங்க் போன்ற புதிய இணையச் செயற்கைக்கோள்கள் சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால் அந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. ஆனால் கடிகாரத்தை என்ன செய்வது? சென்னையில் காலை 10 மணி என்றால் டோக்கியோவில் மதியம் 1:30, பரவாயில்லை. நியூயார்க்கில் அது கோடையில் நள்ளிரவு 12:30. லண்டன் பள்ளி குளிர்காலத்தில் 9 மணிக்குத் திறக்கும்போது இங்கே மதியம் 2:30. நம் பள்ளி விட ஒன்றரை மணி நேரம்தான் மிச்சம். அதற்குள் 40 பிள்ளைகளுக்கு ஒரே மைக். துணிச்சலான நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

பதிவுப் பரிமாற்றம் அந்த மற்றவர்களுக்கானது. 1988இல் நியூயார்க் மாநிலப் பள்ளிகளையும் மாஸ்கோ பள்ளிகளையும் கணினி வழியாக இணைத்த முயற்சியிலிருந்து வளர்ந்தது, பல நாட்டுப் பள்ளிகளை இணைக்கும் ஐஎர்ன் (iEARN) அமைப்பு. அதன் கரடி பொம்மைத் திட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. இரு நாட்டு வகுப்புகள் தபாலில் ஆளுக்கொரு பொம்மையை அனுப்பிக்கொள்ளும். வந்து சேர்ந்த பொம்மையைப் பிள்ளைகள் வீட்டுக்கும் கடைக்கும் கூட்டிப்போய், அதுவே எழுதுவது போல நாட்குறிப்பு எழுதி அதன் சொந்த வகுப்புக்கு மின்னஞ்சலில் அனுப்புவார்கள். கூச்சப்படும் பிள்ளைக்கும் இதில் எழுத ஒரு வரி இருக்கும். பேச்சாகப் பதிவு செய்தால், பிடிக்காததை அழித்துவிட்டு மறுபடி பேசலாம். இயந்திர மொழிபெயர்ப்பு நம் பேச்சுத்தமிழைத் தப்பாகப் புரிந்துகொண்டாலும் அனுப்பும் முன் ஆசிரியர் திருத்த முடியும். நேரலையில் அதற்கு அவகாசமே கிடையாது. இணையம் மெதுவாக இருந்தாலும் சாயங்காலம் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இதிலும் குறை உண்டு. எதிர்முனை ஆசிரியர் பதில் போடாவிட்டால் பிள்ளைகளின் ஆர்வம் வடிந்துவிடும். ஐரோப்பாவில் 2005 முதல் நடக்கும் ஈட்வின்னிங் (eTwinning) என்ற பள்ளி இணைப்புத் திட்டத்தில் ஆசிரியர்களே பதிவு செய்துகொண்டு, கூட்டாளியைத் தேடி, சேர்ந்து திட்டம் போடுகிறார்கள். பொறுப்பு இரண்டு பேர் கையில் தெளிவாக இருக்கிறது. நம் பள்ளிகளுக்கும் அப்படியொரு ஏற்பாடு அவசரமாகத் தேவை.

விஆர் கண்ணாடி இடத்தைக் காட்டும். அங்கே நம் பிள்ளையிடம் திருப்பிக் கேள்வி கேட்க இன்னொரு பிள்ளை பெரும்பாலும் இருப்பதில்லை. சேவையே நின்றுபோகும் ஆபத்தும் உண்டு: பிள்ளைகளை விஆர் சுற்றுலா கூட்டிப்போக 2015இல் அறிவிக்கப்பட்ட கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் செயலி 2021இல் நிறுத்தப்பட்டது. நேரலைக்கும் இதே ஆபத்து உண்டு: ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டது. மின்னஞ்சலுக்கு அந்தப் பயம் இல்லை.

சரி, நேரலையே வேண்டாமா? வேண்டும், ஆனால் பருவத்தின் கடைசியில். இரண்டு மூன்று மாதம் கடிதமும் பதிவும் போய் வந்த பிறகு பார்த்துக்கொண்டால், பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவார்கள். பணம் ஒதுக்கும் பள்ளிகள் முதலில் நல்ல மைக் ஒன்று வாங்கட்டும். அப்புறம் பொறுப்பேற்கும் ஆசிரியருக்கு வாரம் ஒரு பாடவேளையை இதற்கென்றே விட்டுக்கொடுக்கட்டும். கண்ணாடி வாங்குவதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.