குழந்தைகளோடு குரோஸ்குளோக்னர் மலைச்சாலை: கொடுத்த காசுக்கு உண்டா?

முதலில் காசைப் பேசிவிடுகிறேன். ஆஸ்திரியாவின் குரோஸ்குளோக்னர் மலைச்சாலையில் ஒரு காருக்கு ஒரு நாள் கட்டணம் 40 யூரோவைத் தாண்டிவிட்டது. நெடுஞ்சாலைக்கு வாங்கும் விக்னெட் என்ற கட்டண வில்லை இங்கே செல்லாது, இது தனி. ஃபெர்லைட்டன் டோல் கேட்டில் நான் கார்டை நீட்டியதுமே பக்கத்து சீட்டிலிருந்த அத்தை மனக்கணக்குப் போட்டுவிட்டார். "ஏம்மா, ரோட்டுல போறதுக்கு நாலாயிரம் ரூபாயா? எங்க கொல்லிமலையில எழுபது கொண்டை ஊசி இருக்கு. அதுக்கு எவ்வளவு கேப்பாங்களோ!" இங்கே மொத்தமே 36 வளைவுகள்தான் என்பதை நான் அப்போது சொல்லவில்லை.

இந்தச் சாலையை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் வழியாக மட்டும் பயன்படுத்தினால் அத்தை சொன்னது சரி, காசு வீண். ஒரு முழு நாளை இதற்கென்றே ஒதுக்கி, காலையில் ஏறி, நின்று நின்று போய், மாலையில் அதே வாயில் வழியாக இறங்கினால் அந்தக் காசு எனக்குக் கட்டுபடியானது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இரண்டாவது முறையைத்தான் சொல்வேன்.

நாங்கள் இருப்பது மியூனிக்கில். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. நாமக்கல்லிலிருந்து வந்திருந்த மாமியார் முன் சீட்டில். இரண்டு குழந்தை சீட்டுகளுக்கும் நடுவில் என் கணவர் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். மலையில் வண்டி ஓட்டுவது எப்போதும் நான்தான். பின்னால் திரும்பிப் பார்க்காமல் ஓட்ட வேண்டுமென்றால் குழந்தைகளுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும். அந்த நடு சீட்டின் அருமை மூன்றாவது வளைவிலேயே தெரிந்துவிடும்.

ஆல்ப்ஸில் ஓசியில் போகக்கூடிய கணவாய்களுக்குக் குறைவே இல்லை. சுவிட்சர்லாந்தில் ஃபுர்க்கா இருக்கிறது. இத்தாலியில் 2,757 மீட்டர் உயரத்தில் ஸ்டெல்வியோ இருக்கிறது, ஒரு பக்கத்தில் மட்டும் 48 வளைவுகள். அப்புறம் ஏன் இங்கே காசு கொடுப்பது என்று கேட்டால், இந்தச் சாலை ஆரம்பத்திலிருந்தே வேடிக்கை பார்க்க வருபவர்களுக்காகப் போடப்பட்டது. ஃபிரான்ஸ் வாலக் என்ற பொறியாளர் திட்டமிட்டது. 1930இல் வேலை தொடங்கி, 1935 ஆகஸ்ட் 3 அன்று திறந்தார்கள். உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்த காலம். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இதில் வேலை கிடைத்தது. அவசரமாக மலையைத் தாண்டுபவரை வாலக் மனதில் வைக்கவில்லை என்பது ஓட்டும்போதே தெரிகிறது. எங்கே நல்ல காட்சி வருகிறதோ அங்கே வண்டியை ஓரங்கட்ட இடம் இருக்கிறது. முதன்மைச் சாலையில் ஏற்றம் 12 சதவீதத்தைத் தாண்டுவதில்லை, வளைவுகளும் அகலமானவை. ஸ்டெல்வியோவில் எதிரே பஸ் வந்தால் மூச்சைப் பிடிக்க வேண்டும். இங்கே அந்தப் பதற்றம் இல்லை. வழியில் கழிப்பறைகளும் விளையாட்டுத் திடல்களும் கண்காட்சிகளும் உண்டு, எல்லாம் டோல் கட்டணத்துக்குள். மூன்று வயதுக்காரன் "அம்மா, ஒண்ணுக்கு" என்று சொன்ன பிறகு நமக்குக் கிடைக்கும் அவகாசம் எவ்வளவு என்று பெற்றவர்களுக்குத் தெரியும். அந்தக் கழிப்பறைகளுக்கே பத்து யூரோ தரலாம்.

உயரத்தை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் தங்கியிருந்த ஸெல் ஆம் ஸே ஏரிக்கரை சுமார் 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாலையின் உச்சிப் பகுதி 2,500 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், ஏரிக்கரையில் ஆடி வெயில் அடிக்கும்போது மேலே மார்கழி விடியல். காற்று அடித்தால் இன்னும் மோசம். அரைக்கால் சட்டையோடு இறங்கி நடுங்கிய குழந்தைகளை ஒவ்வொரு நிறுத்தத்திலும் பார்த்தேன். தொப்பி, கையுறை, காற்றுப் புகாத ஜாக்கெட், மாற்று சாக்ஸ் எல்லாவற்றையும் டிக்கியில் அடியில் போடாமல் கைக்கு எட்டும் பையில் வையுங்கள். ஏறும்போது காது அடைக்கும். பெரியவளுக்கு மிட்டாய், சின்னவனுக்கு ஸ்ட்ரா வைத்த தண்ணீர் பாட்டில், இவ்வளவே போதுமாக இருந்தது. கைக்குழந்தை என்றாலோ, மூச்சு, இதயத் தொந்தரவு உள்ள பெரியவர்கள் கூட வந்தாலோ டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கிளம்புவதற்கு முன் வயிறு முட்டப் பால் வேண்டாம்.

வளைவுகள் ஒவ்வொன்றுக்கும் எண்ணும் பெயரும் உயரமும் எழுதிய பலகை உண்டு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. அடுத்த எண் எப்போது வரும் என்று மகள் முன்கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். பார்வை தூரத்தில் இருந்ததால் வாந்தியும் வரவில்லை. டேப்லெட்டில் படம் பார்த்துக்கொண்டு வந்தவர்களின் கதை வேறு மாதிரி என்று பார்க்கிங்கில் பக்கத்து வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

சுமார் 2,260 மீட்டரில் இயற்கைக் கண்காட்சி வீடு ஒன்று இருக்கிறது, 'ஹவுஸ் அல்பினெ நட்டூர்ஷவ்'. மழை பிடித்தால் ஒதுங்க நல்ல இடம். வெயிலில் போனால் சீக்கிரம் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடலாம். அதைத் தாண்டியதும் எடெல்வைஸ்ஷ்பிட்ஸெ உச்சிக்கு ஒரு கிளைச்சாலை பிரியும். 2,571 மீட்டர், வண்டி ஏறக்கூடிய உச்ச இடம் இதுதான். சாலை குறுகல், கல் பாவியது. மூவாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள் முப்பதுக்கும் மேலே அங்கிருந்து தெரியும் என்பார்கள். என் கணவருக்கு அதுதான் இந்தப் பயணத்தின் உச்சம். என்னைக் கேட்டால், சின்னவர்கள் இருக்கும் வண்டி இதை விட்டுவிடலாம். மேலே காற்று பிய்த்துக்கொண்டு போகிறது, குழந்தைகளுக்குச் சிகரங்களின் எண்ணிக்கையில் ஒரு ஆர்வமும் கிடையாது. உச்சியில் நின்ற நேரம் முழுக்க மகன் கற்களுக்கு நடுவே ஓர் எறும்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் பிடித்தது அடுத்து வந்த ஃபூஷர் லாக்கெ. சின்ன ஏரி, சுற்றிக் கல், தண்ணீருக்குள் கல் எறியத் தடையில்லை. இதைவிட ஒரு மூன்று வயதுக்காரனுக்கு என்ன வேண்டும்? சாலை எப்படிப் போட்டார்கள் என்ற கண்காட்சியும் இங்கேதான். பனி வெட்டும் சுழல் இயந்திரங்களின் கதையை மகள் ஆவலாகக் கேட்டாள். குளிர்காலம் முழுக்கச் சாலை பனிக்குள் புதைந்து கிடக்கும். வசந்தத்தில் அதைத் தோண்டித் திறக்க வாலக்கே வடிவமைத்த இயந்திரங்கள் 1953 முதல் இன்றும் வேலை செய்கின்றன. பொதுவாக மே தொடக்கத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரைதான் சாலை திறந்திருக்கும், அதுவும் வானிலையைப் பொறுத்து. மே மாதம் போகிறவர்கள் இரண்டு பக்கமும் பனிச்சுவர் நிற்பதைப் பார்க்கலாம். ஆகஸ்டில் போன எங்களுக்கு ஹோக்டோர் அருகே ஓரமாக மிஞ்சிக் கிடந்த அழுக்குப் பனித்திட்டுகள்தான். அத்தைக்கு அதுவே போதுமாக இருந்தது. கையில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு, "ஃபோட்டோ எடும்மா, நம்ம தெருவுக்கே காட்டணும்" என்றார். 2,504 மீட்டரில் இருக்கும் அந்த ஹோக்டோர் சுரங்கத்துக்குள்தான் சால்ஸ்பர்க் மாநிலம் முடிந்து கெர்ன்டன் தொடங்குகிறது.

கெர்ன்டன் பக்கம் இறங்கி, பனியாற்றுச் சாலையில் திரும்பினால் முடிவில் கைசர் ஃபிரான்ஸ் யோசஃப்ஸ் ஹோயே, 2,369 மீட்டர். எதிரே 3,798 மீட்டர் உயரத்தில் குரோஸ்குளோக்னர், ஆஸ்திரியாவின் மிக உயர்ந்த சிகரம். அடுக்கு பார்க்கிங் இருக்கிறது, தனிக் காசு கிடையாது. கைப்பிடிச் சுவருக்குக் கீழே புல்சரிவில் மர்மோட்கள் திரிகின்றன. பூனையைவிடக் கொழுத்த, அணில் குடும்பத்து விலங்கு. ஆபத்து என்றால் விசில் அடிக்கும். அந்த விசில் ஒருமுறை கேட்டுவிட்டால் குழந்தைகளை அங்கிருந்து கிளப்ப முடியாது, ஒரு மணி நேரம் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தீனி போடாதீர்கள். எங்கள் கண்ணெதிரே ஒருவர் பிஸ்கட்டை நீட்டினார், அத்தை தமிழிலேயே அதட்டினார், அவர் கையை இழுத்துக்கொண்டார்.

பனியாறு பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். பாஸ்டெர்ஸே, கிழக்கு ஆல்ப்ஸின் மிக நீளமான பனியாறு. 1856இல் பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் வந்து பார்த்த இடம் என்பதால்தான் நாங்கள் நின்ற மேட்டுக்கு அவர் பெயர். அவர் பார்த்த பனி இன்று அங்கே இல்லை. பனியாற்றில் இறங்குவதற்காக 1963இல் சரிவு ரயில் ஒன்று போட்டார்கள். அது இறக்கிவிட்ட இடத்திலிருந்து பனி இப்போது வெகுதூரம் பின்வாங்கிவிட்டது. கீழ்ப்பகுதி கல்லும் மண்ணும் மூடிச் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது, அதன் முன்னால் உருகிய நீர் ஏரியாகத் தேங்கியிருக்கிறது. "ஐஸ் எங்கேம்மா? இது அழுக்கா இருக்கே" என்றாள் மகள். பழைய படங்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டும் பலகைகள் உண்டு. ஆறு வயதுக்கு அது நன்றாகவே புரிகிறது. கீழே நடந்து போகும் பாதை சின்னவர்களுக்கு ஒத்துவராது. இறங்குவது விளையாட்டாக இருக்கும், திரும்பி ஏறும்போது தோளில் உட்கார்ந்திருப்பது யார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு: மேலே உணவகங்கள் இருக்கின்றன, விலை மலைக்கேற்ற உயரம். சைவக்காரர்களுக்கு சின்ன மாவுருண்டைகளைச் சீஸில் புரட்டி வறுத்த வெங்காயம் தூவிய காஸ்நொக்கன் கிடைக்கும். குழந்தைகளுக்குக் கைசர்ஷ்மார்ன், அதாவது பிய்த்துப் போட்ட தடிமனான இனிப்புப் பான்கேக், பிளம் தொக்கோடு. ஒரு தட்டு வாங்கினால் இரண்டு வாண்டுகளுக்குப் போதும். எங்களிடம் அத்தை கட்டிய புளிசாதமும் உருளை வறுவலும் இருந்ததால் ஷ்மார்னோடு நிறுத்திக்கொண்டோம். உயரத்தில் சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிவிடும். காற்றழுத்தம் என்று கணவர் பாடம் எடுக்கத் தொடங்கினார், அதற்குள் மகன் அதை உடைத்துவிட்டான்.

மியூனிக் பக்கமிருந்து வருபவர்களுக்கு ஒரு தகவல். குஃப்ஸ்டைன் ஸூட் வரை ஆட்டோபானில் விக்னெட் தேவையில்லை. அங்கே இறங்கி, செயின்ட் யோஹான், சால்ஃபெல்டன் வழியாக ஸெல் ஆம் ஸே வரை ஊர்ச்சாலையிலேயே போகலாம். கொஞ்சம் நேரம் கூடும், வழியில் நிறுத்த இடம் அதிகம். ஊரிலிருந்து வந்து வாடகைக் கார் எடுப்பவர்கள் குழந்தை சீட்டை முன்பதிவிலேயே கேளுங்கள். ஆஸ்திரியாவில் 14 வயதுக்குள், 135 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரம் என்றால் அது சட்டப்படி கட்டாயம். ஒளிரும் மேலங்கி, எச்சரிக்கை முக்கோணம், முதலுதவிப் பெட்டி மூன்றும் வண்டியில் இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

பிடிக்காத விஷயமும் சொல்கிறேன். வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிள் கூட்டம் தாங்க முடியாது. சத்தம் ஒரு பக்கம், வளைவில் முந்துவது இன்னொரு பக்கம். வார நாளில், காலை எட்டு மணிக்கெல்லாம் கேட்டில் இருக்கும்படி போனால் பாதித் தொல்லை குறையும். கோடையில் மதியத்துக்கு மேல் இடிமழை வருவது மலையில் சகஜம், அதற்கும் காலைதான் நல்லது. கிளம்புவதற்கு முன் இணையத்தில் மலைக் கேமராக்களைப் பாருங்கள். மேகம் மூடியிருந்தால் காசு கட்டாதீர்கள். உள்ளே போனால் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். அந்த நாளுக்குக் கிரிம்ல் அருவி இருக்கிறது. மூன்று அடுக்காக 380 மீட்டர் விழுகிறது, மேகம் இருந்தாலும் அழகுதான்.

தெற்கே கெர்ன்டனுக்கோ இத்தாலிக்கோ போய்ச் சேர்வதுதான் நோக்கம், குழந்தைகள் தூங்குகிறார்கள் என்றால் ஃபெல்பர்டவர்ன் சுரங்கப்பாதையை எடுங்கள். அதற்கும் டோல் உண்டு, ஆனால் இதில் ஒரு சிறு பங்குதான். ஐந்து கிலோமீட்டரில் மலையைத் தாண்டிவிடலாம், யாரும் விழிக்கமாட்டார்கள்.

இறங்கும்போது இரண்டாவது கியர், ஆட்டோமேட்டிக் என்றால் கையால் குறைத்து வையுங்கள். பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கிய வண்டிகளின் கருகிய வாடை ஃபெர்லைட்டன் வரை வரும். இரவில் வாயிலை மூடிவிடுவார்கள், மூடும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். டோலில் தரும் சீட்டோடு அன்றைய நேரத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.