டிரோனில் மருந்தடிப்பு: சாக்கோட்டைப் பக்கம் கூப்பிட்டுப் பார்த்தது

கார்த்திகையில் நெல்லில் இலைச்சுருட்டுப் புழு தலைகாட்டியது. முதுகில் டேங்க் மாட்டி மருந்தடிக்க இந்தப் பக்கம் இப்போது ஆள் கிடைப்பதில்லை. சரி என்று காரைக்குடியிலிருந்து வாடகைக்கு வரும் டிரோன்காரர்களைக் கூப்பிட்டேன். ஏக்கருக்கு 600 ரூபாய், மருந்து நம்முடையது.

விமானப்படையில் ஹெலிகாப்டர் இன்ஜின் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மருந்து ஒழுங்காக விழுகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், மேலே சுற்றுவது நின்றால் என்ன ஆகும் என்றுதான் புத்தி போகும். வெளிநாடுகளில் ஹெலிகாப்டரில் மருந்தடிப்பது 1940-களிலேயே வந்துவிட்ட தொழில். பெரும்பாலும் ஒற்றை இன்ஜின். பயிருக்குப் பத்துப் பதினைந்து அடிக்கு மேலே பறப்பார்கள். நல்ல உயரத்தில் இன்ஜின் படுத்துவிட்டால் விமானி கலெக்டிவ் லீவரை, அதாவது மேலே சுற்றும் இறக்கைகளின் சாய்வை மாற்றும் பிடியை, சட்டென்று இறக்குவார். கீழிருந்து வரும் காற்றே அந்த இறக்கைகளை (ரோட்டார்) சுழற்ற, பத்திரமாக இறங்கிவிடலாம். ஆட்டோரொட்டேஷன் என்பார்கள். வயலுக்கு மேல் அதற்கு உயரம் ஏது? அதிலும் கொல்லை ஓரத்தில் வேகம் குறைத்துத் திரும்பும் நேரம், டேங்க்கும் நிறைந்திருந்தால், கை லீவருக்குப் போவதற்குள் வண்டி தரையில் இருக்கும்.

இன்ஜின் ஏன் படுக்கிறது? பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும். மருந்து கூட ஏற்றுவதற்காகப் பெட்ரோலைக் குறைத்துப் போட்டுப் பறப்பவர்களுக்கு அது நடுவில் தீர்ந்துபோகும். கார்புரேட்டர் இன்ஜின் என்றால் உள்ளே பனி கட்டும். ஈரக்காற்று இருந்தால் நம் ஊர் மார்கழிக் காலை மாதிரி மிதமான வெயிலிலும் கட்டும், ஏனென்றால் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே குளிர் அவ்வளவு இறங்குகிறது. 2020-இல் வெட்டுக்கிளி வந்தபோது நம் விமானப்படை மருந்தடிக்கத் தயார் செய்த எம்.ஐ-17 ஹெலிகாப்டருக்கு இரண்டு இன்ஜின், ஒன்று போனாலும் மற்றது தாங்கும். அந்த வசதி எல்லாருக்கும் வாய்க்காது.

வந்த டிரோனுக்கு ஆறு கை, ஆறு மோட்டார், பத்து லிட்டர் டேங்க். ஓட்ட வந்த தம்பி பயிற்சிச் சான்றிதழைப் போனிலேயே காட்டினார். "ஒரு மோட்டார் நின்னா?" என்று கேட்டேன். "சமாளிச்சு இறக்கிரலாம்யா. பேட்டரியே போச்சுன்னா அம்புட்டுத்தான், பொத்துன்னு விழுகும்." மழுப்பாமல் சொன்னது பிடித்திருந்தது. சார்ஜ் குறைந்ததும் டேங்க்கில் மருந்து மிச்சம் இருந்தாலும் திருப்பிக் கொண்டுவந்து பேட்டரியை மாற்றினார். அதற்கே முழு மார்க் போடுவேன். விழுந்தாலும் உள்ளே ஒரு ஆள் இல்லை, எனக்கு அது போதும்.

ஏக்கருக்குப் பத்து நிமிடம் ஆனது. நாலைந்து நாளில் புதுக் குருத்தெல்லாம் சுருளாமல் வந்தது. மின்கம்பிக்கு அடியிலும் பனைமர ஓரத்திலும் மட்டும் டிரோன் போகாது, அங்கே கையால்தான் அடிக்க வேண்டும். புகையானுக்கு இதை நம்பமாட்டேன். அது தூரில் உட்கார்ந்திருக்கும் பூச்சி; கைத்தெளிப்பில் ஏக்கருக்கு இருநூறு லிட்டர் போகும் இடத்தில் பத்து லிட்டர் அடிவரை இறங்குமா?

குறை என்றால் இரண்டு. பதினோரு மணிக்குக் காற்று தூக்கியும் "இன்னும் ஒரு ரவுண்டுதான்யா" என்று அடித்தார்கள். சாரல் கண்மாய்ப் பக்கம் போனது; அங்கே மீன் கிடக்கிறது. நான் சத்தம் போட்ட பிறகுதான் நிறுத்தினார்கள். அப்புறம், வரப்பில் பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு டிரோனுக்கு நேர் கீழே ஓடுகிறார்கள். பத்து லிட்டரோடு அது தலையில் இறங்கினால் என்ன ஆகும்? விரட்ட ஒரு ஆள்கூட அவர்கள் கொண்டுவரவில்லை.

அரை ஏக்கர், ஒரு ஏக்கருக்கு வரமாட்டார்கள். அக்கம்பக்கத்து வயல்காரர்கள் ஐந்து ஏக்கராவது சேர்த்துச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கே வரச் சொல்லுங்கள்.