பட்டியலின் கடைசி வரிகள்: முதல் கேமிங் கணினியுடன் மூன்று ஆண்டுகள்

2022 நவம்பர் இறுதியில் சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி வந்து, வேளச்சேரி வீட்டின் சாப்பாட்டு மேசையில் பரப்பி நானே பொருத்திய கணினி இப்போது மூன்று ஆண்டுகளைக் கடந்துவிட்டது. வாங்கிய வாரத்தில் எழுதியிருந்தால் எந்த விளையாட்டு நொடிக்கு எத்தனை ஃப்ரேமில் (படத்தில்) ஓடுகிறது என்பதை மட்டுமே எழுதியிருப்பேன். பாகங்களைத் தேர்ந்தெடுக்க நான் செலவிட்ட ஒரு மாதத்தில் முக்கால் பங்கு ப்ராசஸருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்குமே போயிற்று. பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ், கேபினெட், மானிட்டர் ஆகிய மூன்றும் பட்டியல் தாளின் அடியில், மிஞ்சுகிற பணத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலையில் கிடந்தன. ஆனால் இந்த மூன்று ஆண்டுகளில் எனக்கு நிம்மதியையோ எரிச்சலையோ தந்தவை பெரும்பாலும் அந்த அடிவரிகளே.

மானிட்டர் நீங்கலாக 65,000 ரூபாய் என்பது நான் வைத்திருந்த வரம்பு. எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராஃபிக்ஸ் கார்டுகளை வைத்து நாணயம் ஈட்டும் மைனிங் முறையை 2022 செப்டம்பரில் கைவிட்டதால், இரண்டு ஆண்டுகளாகக் கைக்கு எட்டாமல் இருந்த கிராஃபிக்ஸ் கார்டுகளின் விலை அப்போதுதான் இறங்கியிருந்தது. இரவு நேரத்தில் நண்பர்களோடு வேலரண்ட், விடுமுறை நாள்களில் சைபர்பங்க் 2077 போன்ற பெரிய விளையாட்டுகள், இடையில் அலுவலக வேலை என்பதே என் தேவை.

ப்ராசஸராக ஏஎம்டி ரைசன் 5 5600 வாங்கினேன். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், பெட்டியிலேயே கூலர். அதற்குச் சமமான போட்டியாக இன்டெல் ஐ5 12400எஃப் இருந்தது. எதை வாங்கியிருந்தாலும் இன்று இதே மனநிறைவோடுதான் இருந்திருப்பேன் என்பதால் அந்த ஒப்பீட்டில் நான் செலவழித்த இரவுகளை எண்ணினால் சிரிப்பு வருகிறது. ப்ராசஸரைப் போர்டில் பொருத்தும் இடமான சாக்கெட்டில், புதிய ஏஎம்5 அப்போதுதான் வெளிவந்திருந்தது. அது புதிய தலைமுறை டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும், போர்டும் ரேமும் சேர்ந்து என் வரம்பை விழுங்கிவிடும் என்பதால் பழைய ஏஎம்4 சாக்கெட்டிலேயே நின்றேன்.

மதர்போர்டில் ஒரு சிறு இழுபறி நடந்தது. கடைக்காரர் பி450 போர்டு ஒன்றை எடுத்து வைத்து, போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அவரே புதுப்பித்துத் தருவதாகவும் மூவாயிரம் ரூபாய் மிச்சமாகும் என்றும் சொன்னார். ரைசன் 5000 வரிசை வருவதற்கு முன்பே சந்தைக்கு வந்த போர்டு என்பதால் பயாஸ் புதுப்பிக்காமல் அதில் இந்த ப்ராசஸர் உயிர் பெறாமல் போகலாம். அதைவிட முக்கியமான காரணம் வேறு. நான் தேர்ந்தெடுத்திருந்த ஆர்எக்ஸ் 6600 கார்டு, போர்டோடு தரவைப் பரிமாறும் பிசிஐஇ பாதையில் பதினாறு தடங்களுக்குப் பதிலாக எட்டை மட்டுமே பயன்படுத்துவது, பி450 போன்ற பிசிஐஇ 3.0 போர்டில் செருகினால் தடத்தின் வேகமும் பாதியாகிவிடும். பெரும்பாலான விளையாட்டுகளில் அந்த வேறுபாடு சிறிதுதான், ஆனால் கார்டின் நினைவகம் நிரம்பும் தருணங்களில் அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு உறுத்தும். எனவே 4.0 உள்ள பி550 போர்டையே வாங்கினேன்.

ரேமைப் பொறுத்தவரை, கடையின் மதிப்பீட்டுச் சீட்டில் 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக எழுதப்பட்டிருந்தது. இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகளாகப் போட்டால்தான் இரட்டைச் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரு வழிகளில் தரவு செல்லும்படி ஓடும் என்பதால் மாற்றச் சொன்னேன். அவ்வளவு விவரமாகப் பேசி வாங்கிய நான், 3200 வேகத்துக்கான அந்த ரேமை இரண்டு மாதம் 2400 வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். பயாஸுக்குள் சென்று எக்ஸ்எம்பி என்ற ஒரு வரியை இயக்கினால்தான் பெட்டியில் அச்சிட்டுள்ள வேகம் கிடைக்கும். தற்செயலாக டாஸ்க் மேனேஜரில் அந்த எண்ணைப் பார்த்த பிறகே எனக்கு அது உறைத்தது. 2024-இல் மேலும் இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகளைச் சேர்த்தேன். வெவ்வேறு சமயத்தில் வாங்கிய நான்கு ஸ்டிக்குகளும் ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, எனக்கு ஒத்துப்போயின. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கான தேவையால் ரேம் விலை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியபோது, அந்த ஒரு வாங்கலை மட்டும் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

கார்டைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், அது பணத்துக்குச் சரியான தேர்வு, ஆனால் குறையில்லாத தேர்வு என்று சொல்ல மாட்டேன். அதே விலையில் கிடைத்த ஆர்டிஎக்ஸ் 3050-ஐவிட ஆர்எக்ஸ் 6600 தெளிவாக வேகமானது. ஆர்டிஎக்ஸ் 3060 வாங்க மேலும் ஏழாயிரம் தேவைப்பட்டது. அந்த ஏழாயிரத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய 12 ஜிபி நினைவகத்தின் அருமை 2023-இல் புரிந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் கணினிக்கு வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1, தொடக்கத்தில் என்னுடையதைப் போன்ற 8 ஜிபி கார்டுகளைப் படாதபாடு படுத்தியது. பரப்புகளின் நுணுக்கத்தைக் காட்டும் டெக்ஸ்ச்சரைக் குறைத்தால் சுவர்களும் துணிகளும் சாயம் போனவை போலத் தெரிந்தன, உயர்த்தினால் படம் திக்கித் திக்கி நகர்ந்தது. பின்னர் வந்த திருத்தங்களால் அது பெருமளவு சரியாயிற்று. ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் கணக்கிட்டுக் காட்டும் ரே ட்ரேசிங்கை இந்தக் கார்டில் நான் இயக்குவதே இல்லை. மற்றபடி 1080பி திரையில், அமைப்புகளை நடுத்தரத்துக்கும் உயர்வுக்கும் இடையில் வைத்தால், இன்றும் என் விளையாட்டுகளை அது சலிக்காமல் ஓட்டுகிறது.

இனி அடிவரிகளுக்கு வருகிறேன். பெரும்பாலான கடைகளில் கேபினெட்டோடு சேர்த்தே ஓர் எஸ்எம்பிஎஸ் தருவார்கள். என்னிடமும் ஒன்றைக் காட்டினார்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருந்தது. கையில் எடுத்தபோது அது செங்கல் போல இருக்க வேண்டியது, வெற்றுத் தகர டப்பா போல இலேசாக இருந்தது. திருப்பிப் பக்கவாட்டில் ஒட்டியிருந்த அட்டவணையைப் படித்தேன். 12 வோல்ட் வரிசையில் 16 ஆம்பியர் என்று போட்டிருந்தது. ப்ராசஸரும் கார்டும் மின்சாரம் எடுப்பது அந்த 12 வோல்ட் வரிசையிலிருந்துதான். பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாட்டே வருகிறது. 5600 முழு வேகத்தில் 76 வாட் வரை எடுக்கும், கார்டு 132 வாட் எடுக்கும். இரண்டும் சேர்ந்து 208. அதாவது மின்விசிறியும் எஸ்எஸ்டியும் கணக்கில் வருவதற்கு முன்பே அது தோற்றுவிடுகிறது. கார்டுக்கு வேண்டிய 8 பின் இணைப்பும் அதில் கிடையாது. நான்காயிரம் ரூபாய்க்கு 12 வோல்ட்டில் 43 ஆம்பியர் தரும் 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை, ப்ரான்ஸ் (வெண்கலம்) என்ற மின்சிக்கனத் தரம் பெற்றதை,த் தனியாக வாங்கினேன். வேளச்சேரியின் மின்வெட்டுகளையும் ஏற்ற இறக்கங்களையும் மூன்று ஆண்டுகளாகத் தாங்கி நிற்கும் அந்தப் பெட்டியைப் பற்றி எழுத வேறு எதுவும் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அதைவிடப் பெரிய பாராட்டும் இல்லை.

மின்சாரத்தைப் பற்றிய பேச்சிலேயே இன்னொன்று. பொருத்திய முதல் வாரத்தில், வெறுங்காலுடன் கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்றது. பாகத்தில்தான் கோளாறு என்று பயந்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தேன். கடைசியில் வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், சுவர் பிளக்கின் மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் ஒயரே இணைக்கப்படவில்லை என்று காட்டினார். எர்த் கொடுத்த அன்றே அந்தச் சுருக்கு நின்றது. யுபிஎஸ்ஸாக 600 விஏ, அதாவது 360 வாட் உள்ளதை வைத்திருக்கிறேன். விளையாட்டைச் சேமித்து மூடுவதற்கு அது போதும், ஆனால் அதன் பேட்டரியை இரண்டு ஆண்டுகளில் மாற்ற வேண்டியிருந்தது.

கேபினெட்டில் நான் முழுமையாக ஏமாந்தேன். ஏமாற்றியது என் கண்தான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதன் பின்னே வண்ண விளக்கு எரியும் மூன்று விசிறிகள். அந்த விசிறிகள் காற்றை இழுக்க ஓரத்தில் விரல் அகல இடைவெளி மட்டுமே இருந்தது. டிசம்பரில் எதுவும் தெரியவில்லை. 2023 மே மாத மதியம் ஒன்றில், ஏசி இல்லாத அறையில், ப்ராசஸர் 86 டிகிரியைத் தொட்டது; அதன் வரம்பே 90 டிகிரிதான். விசிறிகளின் இரைச்சலில் ஹெட்போனைத் தாண்டியும் ஏதோ மாவு மில் ஓடுவது போலக் கேட்டது. முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அதே விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டினேன்: 77. ஒன்பது டிகிரியை ஒரு கண்ணாடி பிடித்து வைத்திருந்தது. ஓராண்டு அந்தக் கோலத்திலேயே, முகமில்லாத பெட்டியாக அதை ஓட்டி, 2024-இல் வலை முகப்புள்ள, தூசி வடிகட்டியோடு வரும் கேபினெட்டுக்கு மாறினேன். வலை என்பதால் சாலைத் தூசி அதிகம் சேரத்தான் செய்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வடிகட்டியைக் குழாயடியில் கழுவிக் காயவைத்து மாட்டுகிறேன்.

கேபினெட்டைத் தரையில் வைக்காமல் மேசைமேல் வைக்கும் பழக்கமும் இடையில் வந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தபோது, பீரோவின் கீழ்த்தட்டுத் துணிகளுக்கும் முன்னால் நான் தூக்கிக் கட்டிலில் வைத்தது கணினியைத்தான் என்பதை அம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

மானிட்டரைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டது அடுத்த பிழை. நொடிக்கு 60 முறை மட்டுமே படத்தை மாற்றும் பழைய 60 ஹெர்ட்ஸ் திரையில் ஐந்து மாதம் விளையாடினேன். வேலரண்டில் மூலையிலிருந்த எண் 200 ஃப்ரேமுக்கு மேல் காட்டியது, திரையோ அதில் 60-ஐ மட்டுமே எனக்குக் காட்டியது. 24 அங்குல, 165 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் திரை வந்த பிறகும், விண்டோஸ் அமைப்பில் 60 என்றே இருந்ததைக் கவனிக்க ஒரு வாரம் ஆயிற்று. எந்தத் தெளிவுத்திறனில், எந்த வேகத்தில் பார்க்கப்போகிறோம் என்று முதலில் தீர்மானித்துவிட்டால் கார்டு தானாக முடிவாகிவிடும்; நான் அதைத் தலைகீழாகச் செய்தேன்.

வாரண்டி அனுபவம் ஒன்று மிச்சமிருக்கிறது. 26-ஆவது மாதத்தில் கார்டின் ஒரு விசிறி கடகடவென்று ஆடத் தொடங்கியது. மூன்று ஆண்டு வாரண்டி இருந்தும், வாங்கிய கடை கைவிரித்துச் சேவை மையத்துக்குப் போகச் சொன்னது. அங்கே ஜிஎஸ்டி பில்லைக் கேட்டார்கள். பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்று ஓரிடத்தில் சொன்னபோது மறுத்தது நல்லதாயிற்று. அதைவிட நல்லது, அந்தப் பில்லை அன்றே படமெடுத்து வைத்தது, ஏனெனில் தெர்மல் தாளில் அடித்த மூலப் பில் வெறும் வெள்ளைச் சீட்டாகியிருந்தது. கார்டு திரும்பி வர 18 நாள்கள் ஆயின. 5600 ப்ராசஸரில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. மதர்போர்டில் எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் அது குருட்டுத் துளை. பொருத்திய முதல் நாள் அந்தத் துளையில் வயரைச் செருகிவிட்டு, திரை வரவில்லையே என்று ஒரு மணி நேரம் வியர்த்தவன் நான். அந்த 18 நாள்களும் அலுவலக வேலைக்கு நண்பரின் பழைய கார்டைக் கடன் வாங்கி ஓட்டினேன். கணினியில் பிழைப்பும் நடத்துபவர்கள், விளையாட்டில் சற்றே வேகம் குறைந்தாலும் பரவாயில்லை என்றால், உள்ளமைந்த கிராஃபிக்ஸ் உள்ள ப்ராசஸரை ஒரு முறை யோசித்துப் பார்க்கலாம்.

2024 தொடக்கத்தில் இதே சாக்கெட்டுக்கு ரைசன் 7 5700எக்ஸ்3டி என்ற வேகமான ப்ராசஸர் வந்தபோது கை துறுதுறுத்தது. பெரிய விளையாட்டுகளில் என் கணினியைத் தடுத்து நிறுத்துவது கார்டுதான், வேலரண்டிலோ திரையின் 165-ஐ ஏற்கெனவே தாண்டிவிட்டேன் என்பதால் வாங்கவில்லை. அடுத்து மாறப்போவது கார்டு மட்டுமே. எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் அப்படியே இருக்கும்.

சென்ற மாதம் சித்தப்பா மகன் தன் முதல் கணினிக்குப் பட்டியல் கேட்டான். மானிட்டரை முதல் வரியிலும் எஸ்எம்பிஎஸ்ஸை இரண்டாவதிலும் எழுதி, கேபினெட்டுக்கு நேரே “வலை முகப்பு” என்று அடிக்கோடிட்டுக் கொடுத்தேன். தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “விளக்கு எரியுமா அண்ணா?” என்று மட்டும் கேட்டான். எரியும் என்று சொல்லியிருக்கிறேன்.