சிவப்புப் பேனையா, பக்கத்துப் பிள்ளையா?

தரம் 4 கட்டுரைக் கொப்பியை மூன்று பேர் திருத்தலாம்: ரீச்சர், எழுதின பிள்ளை, பக்கத்தில் இருக்கிற பிள்ளை. மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் படிப்பிக்கிற நான் மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். யாரிடம் எந்தப் பிழையைக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல்.

சிவப்புப் பேனையை நம்பலாம், ஆனால் நேரம் தின்னும். 35 கொப்பி, ஒன்றுக்கு 3 நிமிடம் என்றாலும் 105 நிமிடம். அவ்வளவு பாடுபட்டு வட்டம் போட்டுக் கொடுத்தால், பிள்ளை புள்ளியைப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடிவிடும். அடுத்த கிழமை அதே சொல், அதே பிழை. கொப்பியில் சிவப்பு இல்லாவிட்டால் சில அம்மாமாருக்கு மனம் ஆறாது என்பது வேறு கதை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை கிட்ட வர வர அந்தக் கவலை கூடும்.

சுயதிருத்தத்துக்குச் செலவில்லை. எழுதினதை விரல் வைத்துச் சத்தமாக வாசித்தால் போதும். விடுபட்ட சொல், "நாங்கள் போனேன்" மாதிரி இடறல் எல்லாம் பிள்ளைக்கே காதில் தட்டும். தட்டாதவையும் உண்டு. "போனம்" என்று எழுதியிருந்தால், வீட்டுப் பேச்சுத்தானே, காது விட்டுவிடும். "வாவிக் கறையில் நின்றோம்" என்பதையும் விட்டுவிடும். பேச்சில் ர, ற இரண்டும் ஒன்றாகத்தான் வருகின்றன. இதற்குக் கண்தான் வேண்டும். ஆகவே ஒவ்வொருவரும் அடிக்கடி பிழைவிடும் ஐந்து சொல்லைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்து, வாசித்து முடிந்ததும் ஒத்துப் பார்க்கிறார்கள்.

நான் சூடுபட்டது சகபாடித் திருத்தத்தில். முதல் தடவை, கொப்பியை மாற்றிப் பிழை திருத்துங்கள் என்று சொல்லிவிட்டேன். ஒருத்தி சரியாக எழுதியிருந்த "கரை"யை வகுப்பில் முதலாம் பிள்ளை அழித்துக் "கறை" ஆக்கிவிட்டான். கெட்டிக்காரன் சொன்னால் சரியாயிருக்கும் என்று அவளும் பேசாமல் இருந்துவிட்டாள். இருவருக்கும் ஒரே ஊர்க் காது, பிறகு யார் யாரைத் திருத்துவது?

இப்போது பக்கத்துப் பிள்ளை கையில் பென்சில் கிடையாது. வாசிக்கக் கேட்டுவிட்டு இரண்டு கேள்வி கேட்கலாம், அவ்வளவே. ஒருவன் "குருமண்வெளியில் இருந்து மண்டூருக்குப் பாதையில் போனோம். சந்தோஷமாக இருந்தது" என்று முடித்திருந்தான். (பாதை என்றால் எங்களுக்கு ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவை. வெளியூர் ரீச்சர் என்றால் அந்தச் சொல்லுக்கே வட்டம் போட்டிருப்பார்.) பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்: "மோட்டார் சைக்கிளையும் ஏத்தினீங்களா? நீ எங்க நிண்டாய்?"

"அப்பா சைக்கிளப் பிடிச்சிட்டு நிண்டார். நான் அப்பாவப் பிடிச்சிட்டு நிண்டன். பயம்."

அந்தக் கொப்பிக்கு நான் "நன்று" போட்டு அனுப்பியிருப்பேன். எழுதி, கதைத்து, திரும்ப எழுதும் முறையை 1980களில் பரவலாக்கியவர்களில் ஒருவரான அமெரிக்கர் டொனால்ட் கிரேவ்ஸ், ஆசிரியர் பிள்ளையோடு தனியாக இருந்து அதன் எழுத்தைப் பற்றிக் கதைப்பதைப் பெரிதாகச் சொன்னார். 35 பேரோடு அது எனக்கு நடக்கிற காரியமா? அந்த வேலையில் பாதியைப் பக்கத்துப் பிள்ளை செய்துவிடுகிறது.

இரண்டாம் தடவை எழுதினதில் அப்பா வந்தார், பயம் வந்தது, தண்ணீர் தெறித்தது. "மண்டூர்க் கறையில் இறங்கினோம்" என்று முடிந்தது. அதற்கு மட்டும் சிவப்பு வட்டம் போட்டேன்.