அருவங்காட்டில் வாடகைக்கு இருக்கலாமா, வீடு வாங்கலாமா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். நீலகிரி மாவட்டத்தில் குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே இருக்கிற அருவங்காட்டில் வாடகைக்கு இருக்க ஐந்துக்கு நாலு மதிப்பெண், வீடு வாங்க இரண்டரை. குன்னூரில் வேலை, ஊட்டி வாடகை கட்டுப்படியாகாது, மேட்டுப்பாளையத்திலிருந்து தினமும் மலையேறி வர உடம்பு இடம் கொடுக்காது என்கிறவர்களுக்கு இந்த ஊரைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் இங்கே வீடு பார்க்கும் முறையே வேறு. கீழே சமவெளியில் ஹால் எவ்வளவு பெரிசு, கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்று பார்ப்போம். இங்கே முதலில் பார்க்க வேண்டியது வீட்டின் பின்சுவர்.

வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. குன்னூர் டவுனில் மாத வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த பலர் ஹோம்ஸ்டேக்கு மாறிவிட்டார்கள். சீசனில் சில நாட்களில் வருகிற காசு மாத வாடகையைத் தொட்டுவிடும் என்றால் யார்தான் குடித்தனம் வைப்பார்கள்? அருவங்காட்டுக்கு டூரிஸ்ட் இறங்கிப் பார்க்க வருவதில்லை. இது கார்டைட், அதாவது வெடிமருந்துத் தொழிற்சாலை ஊர். நூறு வருடத்துக்கு மேலாக ஓடுகிற தொழிற்சாலை, அதில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள் சுற்றுவட்டாரத்தில் வீடு கட்டி, ஒரு போர்ஷனில் தாங்கள் இருந்துகொண்டு இன்னொன்றை வாடகைக்கு விடுகிறார்கள். எங்கள் ஓனர் அண்ணாவும் அப்படித்தான். இரண்டு பெட்ரூம், கீசர், சமையலறையில் வெயில் விழும் ஜன்னல், மாதம் 8,500. குளிரும் ஊட்டி அளவுக்கு இல்லை. அங்கே தலைக்குந்தா பக்கம் புல்மேல் உறைபனி விழுகிற மாதங்களில் இங்கே ஸ்வெட்டரோடு சமாளித்துவிடலாம்.

சரி, பின்சுவர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வீடு கிடைப்பதற்கு முன் ஒரு புரோக்கர் மே மாதத்தில் ஒரு வீட்டைக் காட்டினார். வெளிச்சம் பிரமாதம், தரை பளபளவென்று டைல்ஸ், வாடகையும் ஆயிரம் ரூபாய் குறைவு. ஆனால் பெட்ரூமில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட், அதை ஒட்டி ஒரு பீரோ. அதை இரண்டடி நகர்த்தச் சொன்னேன். பின்னால் பெயின்ட் அப்பளம் மாதிரிப் பொரிந்து நிற்கிறது, தொட்டால் பொலபொலவென்று உதிர்கிறது, தரையோரம் கருப்பாகப் பூசணம். "மலைன்னா கொஞ்சம் ஓதம் இருக்கத்தான் சார் செய்யும்" என்றார் புரோக்கர். இருக்கும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சரிவை வெட்டி, தனியாகத் தடுப்புச் சுவர் கட்டாமல், வீட்டுச் சுவரையே மண்ணுக்கு முட்டுக் கொடுத்துக் கட்டியிருந்தால் அது கொஞ்சம் ஓதம் இல்லை. மழை மாதம் முழுக்க மண்ணில் இறங்குகிற தண்ணீர் நம் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். துணி காயாது, பீரோவில் வைத்த பட்டுப்புடவை நாறும், குழந்தைக்கு இருமல் நிற்காது. தடுப்புச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே ஆள் நடக்கிற அளவு இடைவெளி, அதில் தண்ணீர் ஓட ஒரு கால்வாய், தடுப்புச் சுவரில் ஊற்று வடிய ஓட்டைகள், இந்த மூன்றும் இருந்தால்தான் மேற்கொண்டு பேசவே வேண்டும். மொட்டை மாடியில் இரும்புச் சட்டம் (ட்ரஸ்) போட்டு ஷீட் அடித்திருந்தால் இன்னும் நல்லது. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் கூரை ஒழுகாது, துணியும் அங்கேயே காய்ந்துவிடும்.

தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சிப் பக்கத்தைத்தான் அடித்து நொறுக்கும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக்குப் பயம் வடகிழக்கு மழையில்தான், அதாவது ஐப்பசி, கார்த்திகையில். 2009 நவம்பரில் மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பக்கத்தில் இருக்கிற கேத்தியும் அப்போது தப்பவில்லை. அதனால் வீடு பார்க்கப் போனால் ஓனரை விட்டுவிட்டு, எதிர் வீட்டுப் பாட்டியிடம் "2009 மழையில இந்த மேடு அசைஞ்சுதாங்க?" என்று கேளுங்கள். ஓனர் சொல்லாததெல்லாம் வரும்.

அடுத்து தண்ணீர். குழாயில் தினமும் வரும் என்று நினைக்காதீர்கள், கோடையில் இடைவெளி இன்னும் நீளும். மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போடத் தடை இருப்பதால் லாரித் தண்ணீர்தான் கதி. லாரி ரோட்டில் நிற்கும், வீடு படிக்குக் கீழே இருக்கும். ஓஸ் எட்டுமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் படி இன்னும் பல வேலை வைக்கும்: சாமான் இறக்கினால் படிக்கூலி தனி, சிலிண்டரை மேலே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், முழங்கால் வலி இருக்கிற அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது தனிப் பாடு. ஆஸ்பத்திரி என்றால் குன்னூரில் இருக்கிற லாலி அரசு ஆஸ்பத்திரிதான். பெரிய வைத்தியத்துக்கு ஊட்டியில் 2025-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முன்பெல்லாம் கோவைக்கு ஓட வேண்டும்.

குன்னூருக்கும் ஊட்டிக்கும் பஸ் குறை இல்லை. மலை ரயில் இங்கே நிற்கும், ஆனால் அதை நம்பி ஆபீஸ் போக முடியாது. சீசனில் பஸ்ஸும் ஊர்ந்துதான் வரும். 2024 மே முதல் மலைக்கு வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தாலும் டிஎன் 43, அதாவது நீலகிரிப் பதிவு வண்டிகளுக்கு அது தேவையில்லை; ஊரிலிருந்து வருகிற மச்சான்தான் எடுக்க வேண்டும். ராத்திரி படியில் காட்டெருமை நின்றால் அது போகிற வரை நாமும் நிற்க வேண்டியதுதான்.

வாங்குவதற்கு ஏன் இரண்டரை? வீடு மோசம் என்பதால் இல்லை, காகிதம் மோசம் என்பதால். பட்டா, வில்லங்கச் சான்று சரியாக இருந்தாலும் பிளான் அப்ரூவல் கேட்டால் மழுப்புவார்கள். மலைப்பகுதி விதிப்படி கட்டடம் 7 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அப்ரூவல் வாங்கியது கீழ்த்தளத்துக்கு, கட்டியது அதற்கு மேலும் ஒரு தளம், விலை சொல்வது ஷீட் போட்ட மாடி ரூமையும் சேர்த்து. பேங்கில் பிளானில் உள்ளதற்குத்தான் கடன், மீதி நம் கையிலிருந்து. அதன் மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பின்னால் சரிவை வெட்டி ஒரு ரூம் சேர்க்கலாம் என்று புரோக்கர் சொன்னால் நம்பாதீர்கள்; இங்கே ஜேசிபி இறக்கவே அனுமதி வேண்டும். வாங்கியே தீருவேன் என்றால் அதே தெருவில் ஒரு வடகிழக்கு மழைக்காலம் வாடகைக்கு இருந்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.

வாடகைக்கு வருகிறவர்களுக்கு ஒரு சட்ட விஷயம். 2019 முதல் அமலில் இருக்கிற வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டிருந்தால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. பத்து மாதம் கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், பேசினால் இறங்குவார்கள். ஒப்பந்தத்தைக் கண்டிப்பாக எழுதுங்கள். காலி செய்யும்போது பெயின்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது வழக்கம். ஓதத்தில் உரிந்த சுவருக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும்? சாமான் இறக்குகிற அன்றே எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், தேதியோடு கிடக்கும்.