நாலு மழைக்காலம் பார்த்த குழாய் கேமரா

குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் கேமரா வாங்கி நாலு மழைக்காலம் ஆகிவிட்டது. 23 மில்லிமீட்டர் தலை, அதைக் குழாய்க்குள் தள்ள 30 மீட்டர் ராடு, 7 இஞ்ச் திரை, தலைக்குள்ளிருந்து சிக்னல் அனுப்பும் 512 ஹெர்ட்ஸ் சோண்டு. அதற்கு முன்னால் போனில் மாட்டுகிற சின்ன வயர் கேமரா வைத்திருந்தேன். வாஷ்பேசின் அடியில் எட்டிப் பார்க்க அது போதும். நாலு இஞ்ச் லைனில் ஒரு வளைவு வந்தாலே வயர் துவண்டு சுருண்டுகொள்ளும். நாம் தள்ளிக்கொண்டே இருப்போம், தலை நின்ற இடத்திலேயே நிற்கும்.

கடையில் எல்லோரும் திரையைத்தான் பார்க்கிறார்கள். நானும் அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனால் காசு போட வேண்டிய இடம் ராடு. ரொம்ப விறைப்பாக இருந்தால் எல்போவில் திரும்பாது, இளகலாக இருந்தால் பத்து மீட்டருக்கு மேல் தள்ள முடியாது. இரண்டு மீட்டர் அவிழ்த்துக் கையில் நீட்டிப் பிடித்தால் எவ்வளவு தொங்குகிறது என்பது தெரிந்துவிடும். என்னுடையது அதிர்ஷ்டவசமாக நடுத்தரம்.

சோண்டின் அருமை போன ஐப்பசியில்தான் முழுசாகப் புரிந்தது. பழைய வீடு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பின்பக்கக் கழிவுநீர்ச் சேம்பர் நிரம்பி வழிகிறது. எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். வீட்டம்மாவும், “நீயும் ஒரு தடவ குத்திட்டுப் போ தம்பி, தீபாவளி வரைக்கும் தாங்கினா போதும்” என்றார். சேம்பரிலிருந்து கேமராவை விட்டேன். எட்டு மீட்டர் வரை சுத்தம். அப்புறம் திரை மெல்லப் பழுப்பாகி, தலை தண்ணீருக்குள் மூழ்கிவிட்டது. ஒன்றரை மீட்டர் தாண்டி மறுபடி வெளியே வந்தது. அதாவது நோய் அடைப்பு இல்லை, தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, வாட்டம், போய்விட்டது. குழாய் தொய்ந்து, அந்தப் பள்ளத்தில் சோப்பு அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்துகொண்டே இருந்திருக்கிறது. “பாருங்கம்மா, இங்க தண்ணி நிக்குது” என்று திரையைக் காட்டினேன். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. சோண்டின் சிக்னலைப் பிடிக்கும் ரிசீவரை மேலே தரையில் நகர்த்தி, சிக்னல் உச்சத்துக்குப் போன இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். கொத்தனார் அந்த அளவுக்கு மட்டும் டைல்ஸை உடைத்தார். கீழே மண் இறங்கி, குழாய் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது.

தரைக்குள் கம்பி வலை இருந்தால் சிக்னல் தடுமாறும். அதனால் நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று என்று இரண்டு முறை பார்த்துத்தான் குறிப்பேன்.

ராடு எத்தனை மீட்டர் உள்ளே போனது என்று காட்டும் கவுண்டரை நம்பாதீர்கள். ராடில் பிசுக்கு ஏறினால் சக்கரம் வழுக்குகிறது, 20 மீட்டரில் அரை மீட்டர் வரை பிசகுகிறது. ஐந்து மீட்டருக்கு ஒரு கலர் என்று இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறேன், அது பொய் சொல்வதில்லை. படம் புரளாமல் நேராகவே நிற்கும் வசதி என் கேமராவில் கிடையாது. ஓடுகிற லைனில் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் கிடக்கிறதோ அதுதான் கீழ்ப்பக்கம். புது வீட்டில், தண்ணீரே படாத குழாயில்தான் எது மேல், எது கீழ் என்று தெரியாமல் எனக்குத் தலை சுற்றுகிறது.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு அவசியம். புது பிவிசி குழாயில் முழு வெளிச்சம் வைத்தால் கண் கூசும், வேறொன்றும் தெரியாது. பழைய ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாயில் முழுசாக வைத்தால்தான் மூட்டு வழியே நுழைந்திருக்கும் வேர் தெரியும். உள்ளே விடுவதற்கு முன் கண்ணாடியில் ஒரு சொட்டு ஷாம்பூ தடவித் துடைப்பேன். பிசுக்கு சீக்கிரம் ஒட்டாது.

பழுதானது இரண்டு முறை. ஒன்று என் தப்பு: அடைப்பைக் கேமராவாலேயே இடித்துத் தள்ளப் பார்த்து, கழுத்து ஸ்பிரிங் உடைந்தது. குத்த ஸ்பிரிங் ராடு, பார்க்கக் கேமரா, இரண்டையும் கலக்கக் கூடாது. இன்னொரு முறை தலையிலிருந்த ரப்பர் வளையம் தேய்ந்து, கண்ணாடிக்கு உட்புறம் ஆவி படிந்துவிட்டது. அதிலிருந்து வருடம் ஒரு முறை வளையத்தை மாற்றிவிடுகிறேன்.

பேட்டரிதான் இப்போது கிழடாகிவிட்டது. முதலில் நாலு மணி நேரம் தாங்கியது, இன்று ஒன்றரை மணிக்கே சிவப்பு விளக்கு. புதுசு வரும்வரை பார்ட்டி வீட்டு பிளக்கில் சார்ஜரைச் செருகியபடியே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.