5 இன்ச் சென்கோ புழு, ஈயமே இல்லாம: காசுக்கு ஒர்த்தா?

டெக்சஸ் பக்கம் லார்ஜ்மவுத் பாஸ் மீன் பிடிக்கிறவங்ககிட்ட தூண்டில்ல ஈயம் கட்டாம போட என்ன பிளாஸ்டிக் புழு வாங்கலாம்னு கேட்டா, முக்கால்வாசி பேர் கேரி யமமோட்டோ கம்பெனியோட சென்கோவத்தான் சொல்வாங்க. கையில எடுத்து பாத்தா சப்புனு இருக்கும். வால் இல்ல, கால் இல்ல, ரெண்டு முனையும் கூம்பின ஒரு ரப்பர் குச்சி, அவ்ளோதான். 10 புழு இருக்கிற பாக்கெட் ஏழெட்டு டாலர், இதுக்கா இவ்ளோனு தோணும். என்னைக் கேட்டா ஒர்த்துதான், ஆனா சும்மா இருக்கத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்.

விஷயம் உப்புல இருக்கு. பிளாஸ்டிக்ல உப்ப ஏத்தி ஏத்தி, புழு மட்டுமே கிட்டத்தட்ட 3/8 அவுன்ஸ் வருது. அதனால ஈயம் இல்லாமலே நல்லா தூரம் போகும், விழுந்தப்புறம் தலைகுப்புற போகாம படுத்த வாக்குல ரெண்டு முனையும் லேசா நடுங்கிட்டே இறங்கும். மீன் கடிக்கிறது பெரும்பாலும் அந்த இறக்கத்துலதான். ஈயம் கட்டினீங்கன்னா மூக்கு முன்னாடி போய் தரையில குத்திரும், அப்புறம் இவ்ளோ காசு குடுத்து சென்கோ எதுக்கு, எந்த புழுவா இருந்தா என்ன.

மாட்டுறதுக்கு ரெண்டு வழி. வாக்கி ரிக்னா புழுவோட நடு இடுப்புல 1/0 சைஸ் தூண்டில் முள்ள குறுக்க குத்தி விட்டுறது, ரெண்டு பக்கமும் தொங்கி ஆடும், படகுத்துறை நிழல்லயும் வசந்த காலத்துல மீன் முட்டை போட ஓரத்துக்கு வர்றப்பவும் இத அடிச்சுக்க ஆளில்ல. ஆனா முள் வெளிய நிக்கிறதால பாசி இருக்கிற இடத்துல சும்மா சும்மா மாட்டும். டெக்சஸ்ல இருக்கிற லேக் ஃபோர்க் மாதிரி தண்ணிக்குள்ள பட்டமரமும் ஹைட்ரில்லாங்கிற நீர்ப்பாசியுமா கிடக்கிற ஏரிக்கு டெக்சஸ் ரிக்தான் சரி: 4/0 அகல வளைவு முள்ள மூக்குல கால் இன்ச் குத்தி வெளிய எடுத்து, திருப்பி, முனைய புழு உடம்புக்குள்ள மறைச்சிடணும். புழு நேரா இருக்கணும், கொஞ்சம் வளைஞ்சிருந்தாலும் தண்ணில சுத்தும், லைன் முறுக்கிக்கும்.

போட்டப்புறம் என்ன செய்யணும்? ஒண்ணும் செய்யக்கூடாது, இதான் நிறைய பேருக்கு முடியாது. லைன கொஞ்சம் தொய்வா விட்டு, தண்ணிய தொடுற இடத்தையே பாத்துட்டு இருக்கணும். ஊர்ல தக்கைய பாத்து பழகினவங்களுக்கு இங்க லைனே தான் தக்கை. லைன் டக்குனு துள்ளினா, பக்கவாட்டுல நகந்தா, இல்ல அடி தட்டுறதுக்கு முன்னாடியே இறங்கறது நின்னுட்டா, தொய்வ சுத்தி எடுத்து உடனே இழுத்துருங்க. நல்லா முழுங்கட்டும்னு விட்டா முள் தொண்டைக்குப் போயிரும். லேக் ஃபோர்க்ல 16 இன்ச்ல இருந்து 24 இன்ச் வரைக்கும் உள்ள பாஸ திருப்பி விடணும்னு சட்டம், தொண்டையில முள் குத்தின மீன விட்டா அது பிழைக்கிறது கஷ்டம். ஒண்ணும் கடிக்கலயா, ராட லேசா தூக்கி திரும்பவும் விழ விடுங்க, ரெண்டு தடவ அப்படி பண்ணிட்டு சுத்தி எடுத்து வேற இடத்துல போடுங்க.

நான் 7 அடி மீடியம் ஸ்பின்னிங் ராட், கண்ணுக்கு தெரியிற கலர்ல பிரெய்டு (பின்னின லைன்), முன்னாடி முள் பக்கம் தண்ணில அவ்ளோவா தெரியாத 10 பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடர் வச்சிருக்கேன். பிரெய்டு மிதக்கிறதால கடி கண்ணுல படும்.

இப்ப குறை. உப்பு ஏத்தின சாஃப்ட் புழு எதுவா இருந்தாலும் சீக்கிரம் கிழியும், வாக்கி ரிக்ல ஒரு மீன் தலைய உதறினாலே புழு பறந்துரும். நடுவுல ஒரு ஓ-ரிங் மாட்டி அதுக்கு கீழ முள்ள விட்டா கொஞ்சம் கூட நாள் வரும். காசு பாக்கிறவங்க இதே மாதிரி வேற கம்பெனி புழுவான யம் டிங்கர் வாங்கலாம், விலை கம்மி, கொஞ்சம் கெட்டி, ஆனா இறங்கறப்ப அந்த நடுக்கம் அவ்ளோ இல்ல. இசட்-மேன் ஜிங்கர்ஸ்னு இன்னொரு புழு, இழுத்தா ரப்பர் பேண்டா நீளும், கிழியவே கிழியாது, ஆனா அத மத்த பிளாஸ்டிக் புழுவோட ஒரே டப்பாவுல போட்டுராதீங்க, ரெண்டும் உருகி ஒட்டிக்கும்.

காத்து பலமா இருந்தா ஈயமில்லா புழு வேஸ்ட், லைன் வில்லா வளைஞ்சு கடியே தெரியாது. கோடை மத்தியானத்துல மீன் இருபது அடிக்கு கீழ போயிட்டாலும் அப்படித்தான், இறங்கறதுக்குள்ள பொறுமை போயிரும், அப்ப ஈயம் கட்டிக்கோங்க, வெக்கமே இல்ல.

கலர் பத்தி சண்டையே போடுவாங்க. தெளிஞ்ச தண்ணிக்கு சென்கோ கலர்ல 297 நம்பர் கிரீன் பம்ப்கின் (பச்சையும் பழுப்பும் கலந்தது), கலங்கின தண்ணிக்கு கறுப்புல நீல மினுக்கு, ரெண்டுல ஒவ்வொரு பாக்கெட், கூட ஓ-ரிங், ஆரம்பத்துக்கு இது போதும். கிழிஞ்சத தண்ணிலயே வீசிட்டு வராதீங்க, நல்லா இருக்கிற பாதிய வெட்டி சின்ன முள்ளுல மாட்டினா அதுக்கும் மீன் வரும்.